கினிப்பன்றிக்குப் புல்: தட்டில் முளைக்க வைப்பதா, தொட்டியில் வேர் பிடிக்க வைப்பதா?

கினிப்பன்றி வளர்க்கத் தொடங்கிய எந்த வீட்டிலும் முதல் மாதத்துக்குள் புல்லைப் பற்றிய பேச்சு வந்துவிடும். கேரட்டும் கொத்தமல்லித் தழையும் கடையில் கிடைக்கும். நல்ல புல் கிடைக்காது. நகரத்தில் வெறும் தரை என்று ஏதாவது மிச்சமிருந்தால் அங்கே தெருநாய் படுத்திருக்கும், அல்லது பக்கத்துக் கட்டட வேலையின் சிமென்ட் கரைசல் ஓடியிருக்கும். சரி, வீட்டிலேயே வளர்ப்போம் என்று முடிவெடுக்கிறோம். எந்தப் புல்லை வளர்ப்பது, எதில் வளர்ப்பது, எவ்வளவு வளர்ப்பது என்ற இடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

எங்கள் வீட்டில் கருப்பட்டி, கற்கண்டு என்று இரண்டு பெண் கினிப்பன்றிகள். கோவையில் முதலில் மூன்றாவது மாடிக் குடியிருப்பு, கிழக்குப் பார்த்த பால்கனி. இப்போது மொட்டை மாடியும் கொல்லையில் கொஞ்சம் மண்ணும் உள்ள வாடகை வீடு. இந்த நான்கு வருடங்களில் கோதுமை, மக்காச்சோளம், கம்பு, அருகம்புல், கினியா புல், கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் எல்லாவற்றையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் பத்து நாளில் முளைத்து வரும் புல் தின்பண்டம். மண்ணில் வேர் பிடித்து, வெட்ட வெட்டத் தழைக்கும் புல்தான் சாப்பாடு. இரண்டும் ஒன்றுதான் என்று நான் எண்ணியிருந்த காலத்தில் கருப்பட்டி பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது தினமும் கோதுமைப் புல் கொடுத்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பசேலென்று இருக்கும்; கத்தரிக்கோலின் ஓசை கேட்டாலே இரண்டும் கீச்சென்று கூவிக்கொண்டு கம்பியில் முன்னங்கால் வைத்து நிற்கும். உலர்ந்த புல்லை அவை அவ்வளவாகத் தொடவில்லை. பச்சைப் புல்தான் வயிறு நிறையத் தின்கின்றனவே என்று நானும் விட்டுவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் கருப்பட்டி கேரட் துண்டை வாயில் வாங்கி, இரண்டு முறை அசைபோட்டு, அப்படியே கீழே போட்டாள். மறுநாள் தாடைக்கடியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் 920 கிராம் இருந்தவள் 780 கிராம். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார்: கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து, நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல் வளர்ந்திருந்தன. மயக்க மருந்து கொடுத்துப் பற்களைச் சீர்செய்தார்கள். பத்து நாள் ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டினோம். "இவள் நிறையத் தின்றிருக்கிறாள், மென்றது போதவில்லை" என்றார் மருத்துவர். புல்லைப் பற்றி நான் யோசிக்கும் முறையே அந்த ஒரு வாக்கியத்தில் மாறிப்போனது.

கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் நான்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பதினாறு கடைவாய்ப் பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதிப் புல்வெளிகளில் நாள் முழுதும் மேய்ந்து திரிந்த பிராணியின் வழிவந்தது அது. அந்த வளர்ச்சிக்கு ஈடாகத் தேய்மானமும் இருந்தாக வேண்டும். முரட்டு நாரும் மணல்போன்ற நுண்துகளும் உள்ள புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து அரைக்கும்போதுதான் கடைவாய்ப் பல் தேய்கிறது. மெல்லிய இளம்புல்லை நாலே மெல்லில் விழுங்கிவிடலாம்; பல்லுக்கு அதில் வேலையில்லை.

பச்சைப் புல்லுக்கு இன்னொரு அருமையும் உண்டு. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. 1907-ல் நார்வே நாட்டில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தபோது, வைட்டமின் சி இல்லாமல் கடலோடிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. முட்டைக்கோஸ் போன்ற பச்சைக் காய்கறி கொடுத்ததும் தெளிந்தன. வளர்ந்த கினிப்பன்றிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம், சினையாக இருந்தால் 30 வரை, வைட்டமின் சி வேண்டும். புல்லைக் காயவைக்கும்போது அதிலுள்ள வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். ஆகவே பல்லுக்கு உலர்புல், ரத்தத்துக்குப் பச்சை என்று இரண்டும் தேவை. குடைமிளகாய்த் துண்டு ஒன்று தினமும் கொடுத்தால் வைட்டமின் கணக்கு தீர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாரும் பச்சையும் ஒரே வாயில் சேர்ந்து வருவது புல்லில்தான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தட்டில் முளைக்க வைப்பவற்றில் கோதுமைதான் எல்லோரும் முதலில் கை வைப்பது. செலவு மிகக் குறைவு. நான் செய்கிற விதம் இது: 200 கிராம் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு நாள் துணியில் கட்டி முளைகட்டி, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டில் ஒரு மணி மேல் ஒரு மணி ஏறாமல் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பேன். நேரடி வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். மளிகைக் கடையில் மாவு அரைக்க விற்கும் கோதுமையையே வாங்குங்கள். விதைக் கடையில் விற்பது பூஞ்சைக்கொல்லி தடவி, இளஞ்சிவப்போ நீலமோ நிறமேற்றியதாக இருக்கும். அது நிலத்தில் விதைப்பதற்கு மட்டுமே.

கோதுமைத் தட்டில் புதிதாக வளர்ப்பவர்களை ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ தெரியும். பூஞ்சை என்று பயந்து நான் இரண்டு தட்டுகளைக் கொட்டியிருக்கிறேன். பிறகுதான் உற்றுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அது வேர்த்தூவியாக இருந்தால் ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக, சோதனைக் குழாய் கழுவும் தூரிகைபோல நிற்கும். தண்ணீர் தெளித்ததும் வேரோடு படிந்து மறைந்துவிடும். பூஞ்சையாக இருந்தால் ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு ஒட்டடைபோலத் தாவியிருக்கும், தண்ணீர் தெளித்தாலும் போகாது, மூக்கருகே கொண்டுபோனால் பழைய கோணிச் சாக்கின் வாடை அடிக்கும். அப்படி வாடை அடித்தால் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். மேற்புல்லை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமே என்ற ஆசை வேண்டாம். பூஞ்சை பட்ட தீவனத்தைத் தாங்கும் குடல் கினிப்பன்றிக்கு இல்லை.

கோதுமை குளிர்காலப் பயிர். கார்த்திகையில் தொடங்கி மாசி வரை அழகாக வரும். சித்திரை வெயிலில் கோவையிலேயே பாதித் தட்டு அழுகிவிடுகிறது. சென்னைப் புழுக்கத்தில் இன்னும் கடினம். கோடையில் தட்டுக்கு ஏற்றவை மக்காச்சோளமும் கம்பும். மக்காச்சோளப் புல் அகலமாக, சற்று முரடாக வரும். மாட்டுக்காரர்கள் மண்ணில்லாத் தீவனம் என்று அடுக்குத் தட்டுகளில் வளர்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு வழக்கில் மக்காச்சோளத்தையும் சோளம் என்கிறோம், பணியாரத்துக்கு அரைக்கிற வெள்ளைச் சோளத்தையும் சோளம் என்கிறோம். இரண்டும் வேறு வேறு பயிர். வெள்ளைச் சோளம், செஞ்சோளம் ஆகியவற்றின் இளம்பயிரில் சயனைடாக மாறக்கூடிய நஞ்சு உண்டு. பூ எடுக்காத சோளக்காட்டில் மேய்ந்த மாடு அங்கேயே விழுந்து சாவது கொங்கு நாட்டு விவசாயிகள் கண்ணால் கண்ட விஷயம். காங்கேயத்திலிருக்கும் என் பெரியப்பாவிடம் சோளத்தைத் தட்டில் முளைக்க வைக்கலாமா என்று ஒரு முறை தொலைபேசியில் கேட்டேன். "இளஞ்சோளத்தை எருமைக்கே காட்ட மாட்டோம் கண்ணு, அந்தச் சுண்டெலி மாதிரி ஜீவனுக்கா போடப் போகிறாய்?" என்று பதறிவிட்டார். பறவைத் தீவனக் கலவையில் சோளம் இருக்கும். அதைத் தட்டில் கொட்டி முளைக்க வைப்பதும் கூடாது. கம்பில் இந்த நஞ்சு இல்லை.

தட்டுப் புல்லின் சத்துக் கணக்கை ஒரு முறை நானே பார்த்தேன். 200 கிராம் கோதுமை போட்ட தட்டில் பத்தாம் நாள் வெட்டிய புல் 180 கிராம் நின்றது. அதில் 100 கிராமை எடுத்து, நிழலில் செய்தித்தாள் மேல் ஐந்து நாள் காயவைத்தேன். மிஞ்சியது 14 கிராம். அதே நாள் வெட்டிய முற்றிய கினியா புல் 100 கிராமைப் பக்கத்திலேயே காயவைத்தேன். அது 26 கிராம் நின்றது. தட்டுப் புல்லில் தண்ணீர்தான் அதிகம். ஒரு கிலோ விதைக்கு ஐந்தாறு கிலோ தீவனம் என்று சொல்லப்படும் கணக்கும் வேர்ப்பாயோடு சேர்த்து நிறுக்கும் ஈர எடைதான். காய்ந்த எடை விதையின் எடையைவிடக் கூடுவதில்லை. கோடையில் அந்தத் தண்ணீரே நன்மை செய்யும், மறுக்கவில்லை. 28 டிகிரியைத் தாண்டினாலே தவித்துப் போகிற பிராணிக்கு ஈரப்புல் ஒரு கைப்பிடி கொடுத்தால் முகம் தெளிகிறது. ஆனால் அதையே சாப்பாடாக நம்பினால் கருப்பட்டிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

மண்ணில் வேர் பிடிப்பவற்றுக்கு வருவோம். அருகம்புல்லைத்தான் நான் முதலில் வைப்பேன். விநாயகருக்கு மாலை கட்டும் அதே புல். விதை தேடி அலைய வேண்டாம். கணுக்களோடு கூடிய ஓடுதண்டு நாலு கிடைத்தால் போதும். ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். இரண்டடிக்கு மூன்றடி அளவில், அரையடி ஆழமுள்ள தொட்டி அல்லது வளர்ப்புப் பை எடுத்துக்கொண்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு நிரப்பி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிய ஓடுதண்டை நான்கு விரல் இடைவெளியில் படுக்கப் புதையுங்கள். முதல் ஆறு வாரம் கை வைக்கக் கூடாது. வேர் பாய்ந்து தொட்டி மூடிய பிறகு இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டலாம். கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி வந்துவிடும். இலை மெலிதாக இருந்தாலும் தண்டில் நல்ல நார் உண்டு. கற்கண்டு அருகம்புல்லின் ஒரு முனையைக் கவ்வி, அச்சு இயந்திரத்துக்குள் காகிதம் போவதுபோல் சிறிது சிறிதாக உள்ளே இழுத்து அரைப்பதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். தாடை பக்கவாட்டில் ஓடுவது தெளிவாகத் தெரியும்.

அருகம்புல்லுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: வெயில். ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் வெளுத்து, நீண்டு, தொட்டியின் நடுவில் சொட்டை விழுந்துவிடும். எங்கள் பழைய கிழக்குப் பால்கனியில் காலை வெயில் மூன்று மணி நேரம்தான் வரும்; அங்கே இரண்டு முறை வைத்தும் தோற்றேன். மொட்டை மாடிக்கு வந்த பிறகு அதே ஓடுதண்டுதான் தொட்டியை மீறி வழிந்தது. இன்னொரு குறை, விளைச்சல். ஒரு தொட்டி ஒரு வெட்டுக்கு நான்கைந்து கைப்பிடிதான் தரும். எங்கள் இரண்டுக்கும் தினம் காலை ஒரு கைப்பிடி வீதம் கிடைக்க மூன்று தொட்டிகள் வேண்டியிருந்தன; ஒன்றை வெட்டும்போது மற்ற இரண்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

வெயில் குறைந்த வீட்டுக்குக் கினியா புல்லைப் போல் ஒரு வரம் கிடையாது. பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏதோ உறவு என்று நினைக்க வேண்டாம். புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பிராணி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தென்னந்தோப்பின் நிழலில்கூட வளர்வதால்தான் விவசாயிகள் இதைத் தென்னைக்கு ஊடே நடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ (ஜிஜி) 3 என்ற ரகம் பரவலாகக் கிடைக்கிறது. மாடு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் ஒரு தூரிலிருந்து நாலு வேர்க்கரணை பிரித்துக் கொடுப்பார்கள். ஓரடி ஆழத் தொட்டி அல்லது பழைய பெயின்ட் வாளி போதும். கொல்லையில் இடமிருந்தால் இரண்டடிக்கு ஒரு தூர். மாட்டுக்கு 45 நாளுக்கு ஒரு முறை வெட்டுவார்கள். கினிப்பன்றிக்கு நான் 25 நாளிலேயே, முழங்கால் உயரத்தில், கதிர் தள்ளுவதற்கு முன் வெட்டிவிடுகிறேன். அதற்கு மேல் விட்டால் இலையோரம் கையைக் கீறும் அளவுக்கு முரடாகிறது. ஒரு தூரை வெட்டினால் இரண்டு நாளைக்குக் காணும். பன்னிரண்டு தூர் வைத்தால் சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டியதில் மிஞ்சியதை நிழலில் காயவைத்தால் வீட்டு உலர்புல்லும் ஆயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவில் கொழுக்கட்டைப் புல்லைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. காங்கேயம் மாடுகளின் புல் இது. அந்தப் பக்கம் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்களில் முள்கிளுவை வேலிக்குள்ளே, வெள்வேல மரத்தடியில், மழை பொய்த்த வருடத்திலும் தூர் காயாமல் கிடந்து ஒரு மழைக்கே தளிர்க்கும். பெரியப்பா காட்டிலிருந்து ஒரு பிடி தூர் கொண்டுவந்து மாடியில் வைத்தேன். தண்ணீர் ஊற்ற மறந்து ஊருக்குப் போய் எட்டு நாள் கழித்து வந்தாலும் அது உயிரோடிருந்தது. இலை மெல்லியது, சாறு குறைவு, நார் அதிகம். பல்லுக்கு இதைவிட நல்லது எதுவும் நான் பார்க்கவில்லை. விளைச்சல் கினியா புல்லில் கால்பங்குதான் வரும். கதிர் வரும் முன் வெட்டுவது இதில் கட்டாயம்: முடிமுடியாக இருக்கும் அந்த விதைக்கதிர் உதட்டோரத்திலும் கண்ணிலும் குத்தும். வெளியூர் அடிக்கடி போகிறவர்கள், மாடியில் நல்ல வெயில் உள்ளவர்கள் இதை வைக்கலாம்.

கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டி உண்டாக்கிய கம்பு நேப்பியர் வேண்டாம் என்பது என் கருத்து. 2008-ல் வந்த கோ 4 ரகக் கரணையை ஆசையாக வாங்கி நட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் போய், கரும்புபோல் தண்டு தடித்து, இலையெல்லாம் சுணை. கினிப்பன்றிகள் தண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. மாட்டுக்கென்று உருவாக்கிய பயிர் அது, அங்கே இருக்கட்டும்.

குதிரைமசாலையும் புல் என்று சொல்லி விற்பார்கள். அது புல்லே அல்ல, பயறுவகைச் செடி. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிக அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் தரலாம். வளர்ந்த கினிப்பன்றிக்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரும் அபாயம் உண்டு. அவற்றுக்கு வரும் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அகத்திக்கீரையிலும் முருங்கைக்கீரையிலும் கால்சியம் அதிகம் என்பதால் அவற்றையும் அளந்துதான் கொடுக்கிறேன்.

வளர்க்கவே வேண்டாம், வாங்கிக்கொள்ளலாமே என்பதும் ஒரு வழிதான். பூக்கடையில் அருகம்புல் கட்டு கிடைக்கும், கோவில் வாசலில் பசுவுக்குப் போடப் புல் கட்டு விற்பார்கள். அவசரத்துக்கு நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கே அறுத்தது என்று விற்பவருக்கே பல சமயம் தெரியாது. சாக்கடை ஓடும் வாய்க்கால் கரையாகவும் இருக்கலாம், நேற்றுக் களைக்கொல்லி அடித்த வரப்பாகவும் இருக்கலாம். கழுவினால் மண் போகும், மருந்து முழுவதும் போகாது. அப்படி வாங்கிய கட்டிலிருந்து ஒரு முறை எங்கள் இரண்டுக்கும் பூச்சி தொற்றி, மூன்று வாரம் சிகிச்சை செய்தோம். பூங்காவில் இயந்திரம் வைத்து வெட்டிக் குவித்த புல்லை இலவசமாகத் தருகிறார்கள் என்று அள்ளிவரவே கூடாது. நசுங்கிய புல் குவியலுக்குள் சூடேறிப் புளித்துவிடும். அதைத் தின்றால் வயிறு உப்பும். கினிப்பன்றிக்கு வயிறு உப்பினால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து.

ஆகவே என்னிடம் யாராவது கேட்டால், முதலில் எந்தப் புல் என்று பேசாமல் உங்கள் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று கேட்கிறேன். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணியிலிருந்து மணிக்கொரு முறை பால்கனியை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் விழுந்தால் அருகம்புல், கூடவே ஒன்றிரண்டு தொட்டி கொழுக்கட்டைப் புல். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் என்றால் கினியா புல் மட்டுமே. அதற்கும் குறைவு, அல்லது ஜன்னலோரம் மட்டும்தான் இருக்கிறது என்றால் தட்டுப் புல்தான் கதி. அப்போது அது தின்பண்டம் என்பதை மனதில் வைத்து, தினம் ஒரு சிறு பிடியோடு நிறுத்தி, உலர்புல்லுக்குக் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவிடுங்கள். கொல்லையில் மண் இருப்பவர்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, கினியா புல்தான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது; அந்தக் குளிருக்கு ஓட்ஸ் புல் தொட்டியிலேயே மாதக்கணக்கில் நின்று விளையும்.

எதை வளர்த்தாலும் உலர்புல் கூண்டில் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று தொட்டி அருகம்புல்லும் பன்னிரண்டு தூர் கினியா புல்லும் வைத்திருந்தும், எங்கள் இரண்டு கினிப்பன்றிகளின் முழுத் தேவையை வீட்டுப் புல்லால் இன்றுவரை ஈடுகட்ட முடியவில்லை. கடையில் விற்கும் திமோத்தி உலர்புல் குளிர்நாட்டுப் பயிர். நம் சமவெளியில் விளையாது, கப்பலில் வருகிறது, விலையும் அப்படித்தான் இருக்கும். அந்தச் செலவைக் குறைக்கலாம் என்று வைக்கோலுக்கு மாறுகிறவர்கள் உண்டு. நெல் வைக்கோலில் நார் இருக்கிறது, சத்து மிகக் குறைவு. கீழே விரிக்கலாம், கொறித்தால் கெடுதி இல்லை. முழு உணவாக அதை நம்பக் கூடாது.

புதிதாகப் புல் கொடுக்கத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே கொத்தாகப் போட்டுவிடுகிறார்கள். பச்சையே பழகாத குடலுக்கு அது தாங்காது, கழிச்சல் வரும். முதல் மூன்று நாள் ஐந்தாறு இதழ், பிறகு விரல் பருமன் கட்டு, இரண்டாம் வாரம் கைப்பிடி என்று போகலாம். புழுக்கை உருண்டையாக, உலர்ந்து இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மழையில் நனைந்த புல்லை உதறி, காற்றாட விரித்து, பிறகு கொடுங்கள். ஈரக் குவியலாக மூட்டை கட்டி வைக்காதீர்கள். தொட்டியில் தானாக முளைக்கும் களைகளையும் ஒரு கண் பார்க்க வேண்டும். கோரை வந்தால் கவலையில்லை. புளியாரை, கிள்ளினால் பால் வடியும் அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் ஆகியவை புல்லோடு கலந்து கத்தரியில் வந்துவிடும். வெட்டுவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள்.

தொட்டியையே கூண்டுக்குள் வைத்து மேயவிடலாமா என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருப்பாள். வைத்துப் பார்த்தோம். கருப்பட்டி நேராக நடுவில் ஏறி உட்கார்ந்து, சிறுநீர் கழித்து, தன்னைச் சுற்றி வட்டமாகத் தின்றாள். அந்த வட்டத்தில் புல் மறுபடி வர ஒரு மாதம் ஆயிற்று. இப்போது கம்பி வலையை ஒரு சட்டத்தில் அடித்து, தொட்டி விளிம்பிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நிற்கும்படி மேலே பொருத்தியிருக்கிறோம். வலைக்கு மேலே நீட்டிய புல்லை மட்டும்தான் அவை தின்ன முடியும், அடிவேர் தப்பித்துவிடுகிறது. மாலை ஐந்தரைக்கு வெயில் தாழ்ந்ததும் பதினைந்து நிமிடம் மாடியில் விடுகிறோம், பருந்துக்குப் பயந்து யாராவது ஒருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு. சிகிச்சைக்குப் பிறகு கருப்பட்டியின் எடையை ஒவ்வொரு ஞாயிறும் குறித்துவருகிறேன். இந்த வாரம் 960 கிராம்.